பத்து வீடு, ஒரு சராசரி

மாலை நேரம். வளர்கல்வி மையத்தில் ஒரு தம்பி செய்தித்தாளை உரக்கப் படிக்கிறார். "நாட்டின் சராசரி வருமானம் உயர்ந்தது" என்பது தலைப்பு.

கேட்டுக்கொண்டிருந்த பாட்டி சிரிக்கிறார்.

"உசந்துச்சா? யாருக்குத் தம்பி உசந்துச்சு? போன வருசம் வாங்கின கூலியைத்தான் இந்த வருசமும் வாங்குறேன்."

"பேப்பர்ல அப்படித்தான் போட்டிருக்கு பாட்டி."

"அப்போ பேப்பர் பொய் சொல்லுதா?"

பேப்பர் பொய் சொல்லவில்லை. பாட்டியும் பொய் சொல்லவில்லை. இரண்டும் உண்மைதான். அது எப்படி? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போதும். கையில் ஒரு துண்டுத் தாளும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

சராசரி என்றால் என்ன?

ஓர் ஊரைக் கற்பனை செய்வோம். சின்ன ஊர். பத்தே வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் நான்கு பேர். அவர்களின் மாத வருமானம் இது:

1-ஆம் வீடு, விவசாயக் கூலி: 6,000 ரூபாய்
2-ஆம் வீடு, செங்கல் சூளை வேலை: 7,000
3-ஆம் வீடு, பீடி சுற்றும் வேலை: 8,000
4-ஆம் வீடு, ஆடு வளர்ப்பு: 8,000
5-ஆம் வீடு, தையல்: 9,000
6-ஆம் வீடு, கட்டட வேலை: 10,000
7-ஆம் வீடு, சொந்த நிலம் இரண்டு ஏக்கர்: 12,000
8-ஆம் வீடு, மளிகைக் கடை: 15,000
9-ஆம் வீடு, கம்பெனியில் மாதச் சம்பளம்: 25,000
10-ஆம் வீடு, அரிசி ஆலை, லாரிகள்: 1,00,000

எல்லாவற்றையும் கூட்டுங்கள். 2,00,000 ரூபாய் வரும். அதைப் பத்தால் வகுங்கள். 20,000 வரும். இதுதான் இந்த ஊரின் சராசரி வருமானம்.

இப்போது சொல்லுங்கள். இந்த ஊரில் எத்தனை வீட்டுக்கு 20,000 ரூபாய் வருகிறது? ஒரு வீட்டுக்கும் இல்லை. எட்டு வீடுகள் அதற்குக் கீழே இருக்கின்றன. இரண்டு வீடுகள் மேலே இருக்கின்றன.

அடுத்த ஆண்டு என்ன நடக்கிறது? அரிசி ஆலை வீட்டின் வருமானம் 1,30,000 ஆகிறது. மற்ற ஒன்பது வீட்டுக்கும் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. மறுபடி கூட்டுங்கள். 2,30,000. பத்தால் வகுங்கள். 23,000.

"ஊரின் சராசரி வருமானம் 3,000 ரூபாய் உயர்ந்தது!" என்று பேப்பரில் போடலாம். அது உண்மைதான். ஆனால் ஒன்பது வீட்டு அடுப்பில் எந்த மாற்றமும் இல்லை. பாட்டி கேட்டது இதைத்தான்.

சராசரி தப்பான கணக்கு அல்ல. மொத்தம் எவ்வளவு என்பதை அது சொல்லும். யாருக்கு எவ்வளவு என்பதை அது சொல்லாது.

இதனால் நமக்கு என்ன நஷ்டம்? ஒரு அதிகாரி இந்த ஊரின் சராசரியை மட்டும் பார்க்கிறார் என்று வையுங்கள். "குடும்பத்துக்கு 20,000 வருகிறதே. இந்த ஊருக்கு உதவி எதற்கு?" என்று கோப்பை மூடிவிடுவார். முதல் வீட்டுப் பிள்ளை பள்ளியை விட்டு நின்றிருக்கும். அது அந்தக் கோப்பில் தெரியாது.

பழைய கேள்வி

இது இன்று வந்த கேள்வி அல்ல. வெள்ளையர் ஆட்சியிலேயே எழுந்த கேள்வி.

தாதாபாய் நௌரோஜி என்று ஒரு தலைவர். இந்தியரின் வருமானத்தை முதன்முதலில் கணக்குப் போட்டவர் அவர். ஓர் இந்தியருக்கு ஆண்டுக்கு 20 ரூபாய்தான் வருகிறது என்று 1870-களில் சொன்னார். சிறையில் ஒரு கைதியின் சாப்பாட்டுக்கும் துணிக்கும் ஆகும் செலவோடு அதை ஒப்பிட்டுக் காட்டினார். 20 ரூபாய் என்பதும் சராசரிதான். பணக்காரர்களின் பெரிய பங்கும் அதற்குள் அடக்கம். ஏழைக்கு அந்த 20 ரூபாயும் முழுதாகக் கிடைக்கவில்லை என்பதையும் அவர் எடுத்துச் சொன்னார்.

நாடு விடுதலை பெற்றது. ஐந்தாண்டுத் திட்டங்கள் வந்தன. 1963 ஆகஸ்ட் மாதம் மக்களவையில் ஒரு பெரிய விவாதம் நடந்தது. ராம் மனோகர் லோகியா என்ற உறுப்பினர் எழுந்தார். நம் நாட்டில் நூற்றுக்கு 60 பேர் ஒரு நாளைக்கு மூன்று அணாவில் வாழ்கிறார்கள் என்றார். பிரதமர் நேரு மறுத்தார். 15 அணா என்றார். அமைச்சர் குல்சாரிலால் நந்தா சொன்ன கணக்கு ஏழரை அணா.

ஒரே நாடு. ஒரே ஆண்டு. மூன்று கணக்கு! பதினாறு அணா சேர்ந்தால் ஒரு ரூபாய். அதை நினைவில் வைத்துப் பாருங்கள். மூன்று அணாவுக்கும் 15 அணாவுக்கும் எவ்வளவு தூரம்!

ஏன் இந்த வித்தியாசம்? 15 அணா என்பது எல்லோரையும் சேர்த்துப் போட்ட சராசரி. லோகியா பேசியது கீழே இருக்கும் 60 பேரைப் பற்றி. நம் பத்து வீட்டு ஊரில் பார்த்த அதே சங்கதி இது.

வரிசையில் நிற்க வைப்போம்

சரி, சராசரி போதாது. வேறு எப்படி அளப்பது?

வழி எளிது. எல்லோரையும் வரிசையில் நிற்க வையுங்கள். மிகவும் குறைந்த வருமானம் உள்ளவர் முதலில். மிகவும் கூடுதலாக உள்ளவர் கடைசியில். நம் பத்து வீடுகளையும் அப்படித்தான் எழுதியிருக்கிறோம்.

இப்போது ஊரின் மொத்த வருமானம் ஒரே ஒரு ரூபாய் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதாவது நூறு காசு. அந்த நூறு காசு எப்படிப் பிரிந்திருக்கிறது?

முதல் ஐந்து வீடுகளுக்கும் சேர்த்து 19 காசு.
அடுத்த நான்கு வீடுகளுக்கும் சேர்த்து 31 காசு.
கடைசி ஒரு வீட்டுக்கு மட்டும் 50 காசு.

ஊரில் பாதிப் பேருக்கு 19 காசு. ஒரே வீட்டுக்கு 50 காசு. சராசரி மறைத்ததை வரிசை காட்டிவிட்டது. இப்படி வருமானம் மேடும் பள்ளமுமாக இருப்பதைத்தான் ஏற்றத்தாழ்வு என்கிறோம்.

தொய்ந்த கயிறு

ஓர் ஊருக்கு இது சரி. நூறு ஊரை, நூறு நாட்டை எப்படி ஒப்பிடுவது? அதற்கு ஒரே எண்ணாகச் சொன்னால் வசதி. அதற்கும் வழி கண்டார்கள். 1905-இல் அமெரிக்காவைச் சேர்ந்த மாக்ஸ் லோரென்ஸ் ஒரு படம் வரைந்து காட்டினார். 1912-இல் இத்தாலியைச் சேர்ந்த கொராடோ ஜினி அதற்கு ஓர் எண் கொடுத்தார். அதை ஜினி எண் என்கிறார்கள்.

நாமும் அந்தப் படத்தை வரைவோம். சுவரில் கரியால் ஒரு சதுரம் போடுங்கள். கீழ்க்கோட்டில் வீடுகளை 1 முதல் 10 வரை குறியுங்கள். பக்கக்கோட்டில் கீழிருந்து மேலாக 1 காசு முதல் 100 காசு வரை.

கீழே இடது மூலையில் ஓர் ஆணி. மேலே வலது மூலையில் ஓர் ஆணி. இரண்டுக்கும் நடுவே ஒரு கயிறு கட்டுங்கள்.

எல்லா வீட்டுக்கும் ஒரே வருமானம் என்றால் ஐந்து வீட்டுக்கு 50 காசு வரும். ஒன்பது வீட்டுக்கு 90 காசு வரும். கயிறு விறைப்பாக, நேராக நிற்கும்.

நம் ஊரிலோ ஐந்து வீட்டுக்கு 19 காசுதான். ஒன்பது வீட்டுக்கும் சேர்த்து 50 காசுதான். கயிறு கீழ்நோக்கித் தொய்ந்துவிடும். துணி காயப்போட்ட கொடிக்கயிறு பாரம் தாங்காமல் தொய்வது போல.

அந்தத் தொய்வை அளப்பதுதான் ஜினி எண். தொய்வே இல்லை என்றால் எண் 0. எல்லோருக்கும் சமம் என்று பொருள். எல்லா வருமானமும் ஒரே ஆளுக்குப் போனால் எண் 1-ஐ நெருங்கும். 0-க்கும் 1-க்கும் நடுவில்தான் எல்லா நாடுகளும் இருக்கின்றன. எண் கூடினால் ஏற்றத்தாழ்வு கூடுதல். எண் குறைந்தால் ஏற்றத்தாழ்வு குறைவு.

நம் பத்து வீட்டு ஊரின் ஜினி எண் 0.51.

ஒன்றை மறக்க வேண்டாம். ஜினி எண் வறுமையைச் சொல்லாது. ஊரில் எல்லோரும் சமமாகப் பட்டினி கிடந்தால் அங்கேயும் ஜினி எண் 0-தான். ஆகவே இந்த எண்ணை மட்டும் பார்த்தாலும் போதாது.

வீடு தேடி வருகிறார்கள்

நம் நாட்டில் இதை யார் அளக்கிறார்கள்?

1950-இல் தேசிய மாதிரி ஆய்வு என்ற அமைப்பு தொடங்கியது. பேராசிரியர் மகலநோபிஸ் என்ற புள்ளியியல் அறிஞர் அதற்கு வழிகாட்டினார். கோடிக்கணக்கான வீடுகள் எல்லாவற்றுக்கும் போக முடியாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொல்வார்கள் அல்லவா? அதுபோல நாடு முழுவதும் சில வீடுகளைப் பொறுக்கி எடுப்பார்கள். அந்த வீடுகளுக்கு மட்டும் போய்க் கேட்பார்கள். 2023-24 ஆய்வில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் கேட்டார்கள்.

அரிசிக்கு எவ்வளவு? எண்ணெய்க்கு எவ்வளவு? மருந்துக்கு? பேருந்துக்கு? துணிக்கு? செல்போனுக்கு? இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுவார்கள்.

2023-24 ஆய்வு சொன்னது இது. ஓர் ஆளுக்கு ஒரு மாதச் செலவு கிராமத்தில் சராசரியாக 4,122 ரூபாய். நகரத்தில் 6,996 ரூபாய். அரசு இலவசமாகத் தரும் பொருள்களின் மதிப்பு இதில் சேரவில்லை.

சராசரியோடு நிற்க வேண்டாம். வரிசையைப் பார்ப்போம்.

கிராமத்தில் வரிசையின் அடியில் உள்ள நூற்றுக்கு 5 பேர்: மாதம் 1,677 ரூபாய்.
கிராமத்தில் உச்சியில் உள்ள நூற்றுக்கு 5 பேர்: 10,137 ரூபாய்.
நகரத்தில் அடியில் உள்ள நூற்றுக்கு 5 பேர்: 2,376 ரூபாய்.
நகரத்தில் உச்சியில் உள்ள நூற்றுக்கு 5 பேர்: 20,310 ரூபாய்.

அடிக்கும் உச்சிக்கும் கிராமத்தில் ஆறு மடங்கு. நகரத்தில் எட்டரை மடங்கு. ஜினி எண் கிராமத்தில் 0.237. நகரத்தில் 0.284. முந்தைய ஆண்டு ஆய்வைவிட இரண்டும் குறைந்திருந்தன.

"அட, நம் நாட்டில் ஏற்றத்தாழ்வு இவ்வளவு குறைவா!" என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது.

செலவு வேறு, வருமானம் வேறு

ஆய்வுக்கு வந்தவர்கள் கேட்டது வருமானத்தை அல்ல. செலவை.

நம் பத்து வீட்டு ஊருக்குத் திரும்பிப் போவோம். முதல் வீட்டின் வருமானம் 6,000. ஆனால் செலவு 7,000. மீதி 1,000 ரூபாய் கடன். வயிற்றை ஒரு அளவுக்கு மேல் சுருக்க முடியாதே!

பத்தாவது வீட்டின் வருமானம் 1,00,000. செலவு 40,000. மீதி 60,000 எங்கே போகிறது? வங்கிக்கு, நகைக்கு, நிலத்துக்கு. ஒருவர் எவ்வளவுதான் சாப்பிட முடியும்? எத்தனை சட்டைதான் போட முடியும்?

வருமானத்தில் இரண்டு வீட்டுக்கும் உள்ள தூரம் சுமார் 17 மடங்கு. செலவில் பார்த்தால் ஆறு மடங்குகூட இல்லை.

எல்லா வீட்டுச் செலவையும் எழுதிப் பார்ப்போம். 7,000. 7,500. 8,000. 8,000. 9,000. 10,000. 11,000. 13,000. 18,500. 40,000. இதற்கு ஜினி எண் போட்டால் 0.31 வருகிறது. வருமானத்துக்குப் போட்டபோது 0.51 வந்தது.

அதே ஊர். அதே பத்து வீடு. எதைக் கேட்டோம் என்பதைப் பொறுத்து எண் மாறிவிட்டது.

இதனால் பெரிய விவாதமே நடந்தது. 2025-இல் உலக வங்கி ஒரு குறிப்பு வெளியிட்டது. 2022-23-இல் இந்தியாவின் ஜினி எண் 0.255 என்றது. உலகிலேயே ஏற்றத்தாழ்வு மிகக் குறைந்த நாடுகளில் இந்தியா நான்காவது என்று அரசு அறிவித்தது. பொருளாதார அறிஞர்கள் பலர் மறுத்தார்கள். "நம்முடையது செலவுக் கணக்கு. பல நாடுகளின் எண் வருமானக் கணக்கு. இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா?" என்று கேட்டார்கள்.

உலக வங்கியின் அதே குறிப்பில் இன்னோர் எண்ணும் இருந்தது. உலக ஏற்றத்தாழ்வுத் தரவுத் தொகுப்பின்படி 2023-இல் இந்தியாவின் வருமான ஜினி எண் 0.62. ஒரே நாட்டுக்கு 0.255-ம் வருகிறது. 0.62-ம் வருகிறது. மூன்று அணா, 15 அணா விவாதம் மறுபடி வந்தது போல் இல்லையா?

பெரிய வீட்டுக் கதவு

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு சோறு பதம் என்றோம். பானையைக் கிளறாமல் மேலாக எடுத்தால் அடியில் வேகாதது தெரியுமா?

கணக்கெடுப்பவர் குடிசைக்கு வந்தால் திண்ணையில் உட்காரச் சொல்கிறோம். தண்ணீர் கொடுக்கிறோம். கேட்டதற்குப் பதில் சொல்கிறோம். பெரிய பங்களாவில் வாசல் காவலரைத் தாண்டுவதே கஷ்டம். தாண்டினாலும் உண்மையான கணக்கு கிடைப்பது அரிது. மிகப் பெரிய பணக்காரர்கள் தொகையில் மிகவும் குறைவு. பொறுக்கி எடுக்கும் வீடுகளில் அவர்கள் வீடு வராமலே போகலாம்.

ஆகவே ஆய்வாளர்கள் வருமான வரிக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024-இல் அப்படி ஒரு கணக்கு வெளியிட்டது. 2022-23-இல் நாட்டின் வருமானம் ஒரு ரூபாய் என்றால், அதில் 22.6 காசு உச்சியில் உள்ள நூற்றுக்கு ஒருவருக்குப் போகிறது. வரிசையின் கீழ்ப் பாதியில் உள்ள 50 பேருக்கும் சேர்த்து 15 காசு. இந்தக் கணக்கிலும் அனுமானம் இருக்கிறது, வரி கட்டாதவர் வருமானம் சரியாகத் தெரியாது என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு.

அப்படியானால் வருமானத்தையே வீடு வீடாகக் கேட்கலாமே? முன்பே முயன்றார்கள். 1960-களில் கேட்டுப் பார்த்தார்கள். மக்கள் சொன்ன வருமானம், அவர்கள் செலவையும் சேமிப்பையும் கூட்டிய தொகையைவிடக் குறைவாக வந்தது. வருமானத்தைச் சொல்லத் தயக்கம். விவசாயிக்கும் சிறு வியாபாரிக்கும் கணக்கு எழுதும் பழக்கமும் இல்லை. அதனால் அந்த முயற்சி நிலைக்கவில்லை. நாடு முழுவதும் வருமான ஆய்வை 2026-இல் நடத்தப்போவதாக அரசு 2025-இல் அறிவித்தது.

நாம் என்ன செய்யலாம்?

கணக்கெடுப்பவர் நம் வீட்டுக்கு வரலாம். அவருடைய அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். பிறகு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கடன் இருந்தால் கடனையும் சொல்லுங்கள். ஆய்வில் சொன்னதை உங்கள் பெயரோடு வெளியிடச் சட்டத்தில் இடமில்லை. நாம் கூட்டிச் சொன்னால் நம் கஷ்டம் மறைந்துபோகும். குறைத்துச் சொன்னால் கணக்கே கெட்டுப்போகும். பொறுக்கி எடுத்த ஒவ்வொரு வீடும் ஆயிரக்கணக்கான வீடுகளுக்காகப் பேசுகிறது.

செய்தித்தாளில் ஓர் எண்ணைப் படித்தால் மூன்று கேள்வி கேளுங்கள்.

இது சராசரியா, வரிசையா?
இது செலவா, வருமானமா?
யாரைக் கேட்டார்கள், யாரைக் கேட்கவில்லை?

வளர்கல்வி மையத்தில் தம்பி கரியால் சதுரம் போட்டு முடித்தார். பாட்டி தொய்ந்த கயிற்றை உற்றுப் பார்த்தார்.

"இப்போ புரியுது தம்பி. அந்தச் செய்தியை மறுபடி படி. கீழே நிக்கிற அஞ்சு வீட்டுக்கு எத்தனை காசுன்னு எங்கேயாவது போட்டிருக்கா, பாரு."

தம்பி முதல் வரியிலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கினார்.

யோசிப்போம், பேசுவோம்

1. பத்து வீட்டு ஊரில் அரிசி ஆலை வீட்டை விட்டுவிடுங்கள். மற்ற ஒன்பது வீட்டின் சராசரி எவ்வளவு? அது ஏன் இவ்வளவு குறைந்தது?

2. உங்கள் வீட்டின் ஒரு மாத வருமானத்தையும் செலவையும் தனித்தனியே எழுதுங்கள். எது கூடுதல்? வித்தியாசம் கடனா, சேமிப்பா?

3. உங்கள் தெருவில் கணக்கெடுத்தால் யார் வீட்டுக் கதவு திறக்கும்? யார் வீட்டுக் கதவு திறக்காது?